கட்டட மனைகளில் மழைநீர் மேலாண்மையும் மண்ணரிப்புத் தடுப்பும் (மேற்குச் சென்னைப் புறநகர்)

கட்டட மனைகளில் மழைநீர் மேலாண்மை என்பது, வீடு கட்டப்படும் நிலத்தில் விழும் மழைநீரையும் அந்நிலத்தைக் கடந்து செல்லும் மழைநீரையும், கட்டடத்துக்கோ அண்டை நிலங்களுக்கோ நீர்நிலைகளுக்கோ கேடு விளையாதவாறு நெறிப்படுத்தும் முறைகளைக் குறிக்கும். ஓடும் நீருடன் மண் அடித்துச் செல்லப்படாமல் காக்கும் மண்ணரிப்புத் தடுப்பு இதன் பிரிக்க முடியாத பகுதி ஆகும். இக்கட்டுரை சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றையும், அவற்றைச் சூழ்ந்துள்ள மோரை, வெள்ளானூர், நேமம், குத்தம்பாக்கம் போன்ற ஊர்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறைகளை விளக்குகிறது.

மலைப்பகுதிகளில் மண்ணரிப்புக்கு முதன்மைக் காரணம் நிலத்தின் சரிவு ஆகும். மேற்குப் புறநகர்ப் பகுதி ஏறத்தாழச் சமதளமானது. இங்கு நீர் விரைந்து ஓடுவதைவிட, வடிவதற்கு வழியின்றித் தேங்குவதே பெரிய சிக்கலாக உள்ளது. மனையை உயர்த்தி நீரை வெளியே தள்ளிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆனால் அவ்வாறு தள்ளப்படும் நீர் பக்கத்து மனையையும், அதனுடன் செல்லும் மண் வாய்க்காலையும் ஏரியையும் அடைகின்றன. எனவே மண்ணை மனையிலேயே நிறுத்துவதும், நீர் காலங்காலமாகச் சென்ற வழியை அடைக்காமல் விடுவதும் இப்பகுதிக்கான மேலாண்மையின் இரு அடிப்படைகள் ஆகும்.

நில அமைப்பும் நீர்நிலைகளும்

இப்பகுதி கொசத்தலை ஆறு, கூவம் ஆறு, அடையாறு ஆகிய மூன்று ஆறுகளின் வடிநிலங்களில் பரவியுள்ளது. ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம் முழுவதும் ஏரிகளாலும் தாங்கல்களாலும் நிறைந்திருந்தது. செம்பரம்பாக்கம் ஏரி, அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, நேமம் ஏரி என்பன இவற்றுட் சில.

ஏரிகள் தனித்தனியானவை அல்ல. மேட்டிலுள்ள ஏரி நிரம்பியதும் அதன் கலங்கல் வழியே வெளியேறும் உபரிநீர் போக்குக்கால் மூலம் அடுத்த ஏரியைச் சென்றடையும். எடுத்துக்காட்டாக, அம்பத்தூர் ஏரியின் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்குச் செல்கிறது. ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால், பாசனத்துக்கு நீர் திறக்கும் மதகு, நீர் பெறும் ஆயக்கட்டு நிலம் ஆகிய அனைத்தும் சேர்ந்தே ஓர் ஏரி அமைப்பாகும். இன்றைய குடியிருப்பு மனைகளுட் பல, ஒருகாலத்தில் ஆயக்கட்டு நன்செய்களாகவோ வரத்துக்கால்களை ஒட்டிய நிலங்களாகவோ இருந்தவை.

மண்ணின் தன்மையும் கருதத்தக்கது. அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளில் நிலத்தடியில் கோண்டுவானாக் காலத்துக் களிப்பாறைகள் காணப்படுகின்றன. செங்குன்றத்தை ஒட்டிய மேட்டு நிலங்களில் செம்புறை மண் உண்டு. ஏரிகளை அடுத்த தாழ்நிலங்களில் களிமண் மிகுதி. களிமண்ணில் நீர் மெதுவாகவே இறங்கும். மேலும் அது நனையும்போது விரிந்தும் காயும்போது சுருங்கியும் அடித்தளத்தைப் பாதிக்கக் கூடியது.

மழைப்பொழிவு

சென்னைப் பகுதியின் சராசரி ஆண்டு மழையளவு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் ஆகும். இதில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெய்கிறது. இம்மழையும் நாள்தோறும் சீராகப் பெய்வதில்லை. காற்றழுத்தத் தாழ்வுநிலைகளும் புயல்களும் உருவாகும்போது சில நாள்களிலேயே பெரும்பகுதி கொட்டித் தீர்த்துவிடுகிறது.

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாகியது. டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் திறந்துவிடப்பட்ட நீர் விநாடிக்கு 29,000 கன அடி வரை உயர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையும் சுற்றியுள்ள குடியிருப்புகளும் நீரில் மூழ்கின.

கட்டுமானத்தால் ஏற்படும் மாற்றங்கள்

ஓடுநீர் மிகுதல்

நிலத்தில் விழும் மழையில் ஒரு பகுதி மண்ணில் இறங்கும். எஞ்சியது மேற்பரப்பில் ஓடும். இதனை ஓடுநீர் என்பர். மொத்த மழையில் ஓடுநீராக மாறும் பங்கு ஓடுநீர்க் கெழு எனப்படும். செடிகொடிகள் உள்ள சமதள நிலத்துக்கு இது ஏறத்தாழ 0.3 எனவும், கூரைக்கும் சிமெண்ட் தளத்துக்கும் ஏறத்தாழ 0.9 எனவும் கொள்ளலாம்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு செ.மீ. மழை பெய்தால் 10 லிட்டர் நீர் சேரும். ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர் ஆகும். அதன்மீது 10 செ.மீ. மழை பெய்தால் விழும் நீரின் அளவு 22,300 லிட்டர். மனை புல்தரையாக இருந்தால் ஏறத்தாழ 6,700 லிட்டர் வெளியேறும். முழுவதும் கட்டடமும் சிமெண்ட் தளமுமாக மாறிய பின்னர் 20,000 லிட்டர் வெளியேறும். இது 9,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டின் கொள்ளளவை விட அதிகம். ஒரே மனையில் ஏற்படும் இம்மாற்றம் ஒரு தெரு முழுவதும் நிகழும்போது, பழைய அளவுக்கு அமைந்த வாய்க்கால் போதாமற் போகிறது.

வரப்பு அழிதல்

நன்செய் நிலம் இன்னொரு வகையிலும் வெள்ளத்தைத் தாங்கியது. அரை அடி உயர வரப்பு சூழ்ந்த ஒரு கிரவுண்டு வயல், ஏறத்தாழ 34,000 லிட்டர் நீரைத் தன்னுள் நிறுத்தவல்லது. இது 15 செ.மீ. மழைக்குச் சமம். வயல் மனைப்பிரிவாகும்போது முதலில் நிரவப்படுவது வரப்பு. நிலத்தின் பயன்பாடு மாறுவதற்கு முன்னரே, கட்டடம் எதுவும் எழாத நிலையிலேயே, இக்கொள்ளளவு இழக்கப்படுகிறது.

மனையை உயர்த்துதல்

தாழ்வான மனைகளைச் சவுடு மண்ணும் கிராவலும் கொட்டி உயர்த்துவது இப்பகுதியில் வழக்கம். ஒரு கிரவுண்டு மனையை 3 அடி உயர்த்த 7,200 கன அடி மண் வேண்டும். 100 கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் இது 72 யூனிட். அந்த ஆழத்துக்கு வெள்ளம் தேங்கும் இடமாயின், இம்மண் ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் நீரின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. அந்நீர் இன்னும் உயர்த்தப்படாத மனைகளில் சென்று நிற்கும்.

பின்னர் அடுத்த வீட்டார் அதைவிட உயரமாக மண் கொட்டுவர். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய சாலை போடப்பட்டால் சாலையும் உயரும். இவ்வாறு ஒவ்வொரு சுற்றிலும், முன்பு வீடு கட்டியவரும் மண் கொட்ட வசதியற்றவரும் தாழ்வில் விடப்படுகின்றனர். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவர் செய்வதும் நியாயமாகத் தோன்றும். தெரு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் வெள்ளம் குறைவதில்லை, இடம் மாறுவதே நிகழ்கிறது.

மண்ணரிப்பு

மண்ணரிப்பு இரண்டு படிகளில் நிகழ்கிறது. முதலில் மழைத்துளி வெறும் மண்ணில் மோதித் துகள்களைப் பெயர்க்கிறது. பின்னர் ஓடும் நீர் அத்துகள்களைச் சுமந்து செல்கிறது. எனவே சமதளத்திலும் மண்ணரிப்பு உண்டு. புதிதாகக் கொட்டப்பட்ட, இறுக்கப்படாத மண் மிக எளிதில் கரையும். உயர்த்தப்பட்ட மனையின் ஓரங்கள் செயற்கையான சரிவுகளாக அமைந்துவிடுவதால் அங்கு அரிப்பு மிகுதியாக இருக்கும்.

மண்ணிழப்பைக் கணிக்க, அமெரிக்க அறிஞர்களான விஷ்மையர், ஸ்மித் ஆகியோர் வகுத்த பொது மண்ணிழப்புச் சமன்பாடு பயன்படுகிறது. மழையின் அரிக்கும் ஆற்றல், மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், நிலப்போர்வை, காப்பு நடவடிக்கைகள் என்பன அதன் காரணிகள். இவற்றுள் மழையை மாற்ற இயலாது. நிலப்போர்வையும் காப்பு நடவடிக்கைகளுமே மனை உரிமையாளரின் கையில் உள்ளவை.

விளைவுகள்

ஒரு கிரவுண்டு மனையிலிருந்து ஒரு செ.மீ. தடிப்பு மண் அரித்துச் செல்லப்பட்டால், அதன் எடை ஏறத்தாழ மூன்றரை டன் ஆகும். இம்மண் முதலில் தெருவோரக் கால்வாயில் படிகிறது. கால்வாய் தூர்ந்தால் அடுத்த மழையில் அதே தெரு மூழ்கும். கால்வாயைக் கடந்து செல்லும் நுண்ணிய வண்டல் ஏரியை அடைந்து அதன் கொள்ளளவைக் குறைக்கும்.

மனைக்குள்ளேயும் கேடுகள் உண்டு. வானம் தோண்டிய பள்ளத்தில் நீர் நின்றால் அடிமண் குழைந்து தாங்குதிறனை இழக்கும். கடைக்காலை ஒட்டி ஓடும் நீர் அதன் அடியிலுள்ள மண்ணை அரித்துவிடும். சரியாக இறுக்கப்படாத நிரப்பு மண் நனைந்ததும் அமிழ்ந்து, தரையிலும் சுவரிலும் விரிசலை உண்டாக்கும்.

மிகவும் ஆபத்தானது சுற்றுச்சுவர் இடிதல் ஆகும். நீரில் ஊறிய மண் காய்ந்த மண்ணைவிட மிகுந்த அழுத்தத்தைச் சுவர்மீது செலுத்துவதுடன், சுவரின் அடியிலுள்ள மண்ணும் இளகிவிடும். 2014 ஜூலையில் திருவள்ளூர் மாவட்டம் உப்பரபாளையத்தில் மழையின்போது கிடங்கொன்றின் சுற்றுச்சுவர் இடிந்து குடிசைகள்மீது விழுந்ததில் 11 கட்டுமானத் தொழிலாளர்கள் இறந்தனர். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் கனமழையில் சுற்றுச்சுவர் இடிந்து வீடுகள்மீது விழுந்ததில் 17 பேர் உயிரிழந்தனர். இரு நிகழ்வுகளிலும் உயிரிழந்தவர்கள் சுவருக்கு வெளியே வசித்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

மேலாண்மை முறைகள்

நில ஆவணங்களைப் பார்த்தல்

வடிகால் திட்டம் மனை வாங்கும்போதே தொடங்குகிறது. வருவாய்த் துறையின் கிராம வரைபடம், புல வரைபடம், அ-பதிவேடு ஆகியவற்றில் நிலத்தின் வகைப்பாடும், அதனை ஒட்டிய ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்குகளும் குறிக்கப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் தூர்ந்துபோன வாய்க்காலும் வரைபடத்தில் இருக்கும். பெருமழையில் நீர் பெரும்பாலும் அந்தப் பழைய வழியிலேயே செல்லும். முந்தைய வெள்ளங்களில் நீர் நின்ற உயரத்தை அண்டை வீட்டுச் சுவர்களில் உள்ள கறைகளைக் கொண்டும், ஊர் மக்களிடம் கேட்டும் அறியலாம்.

காலத் திட்டம்

தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20ஆம் நாளையொட்டித் தொடங்குகிறது. ஆடியில் வீட்டு வேலை தொடங்குவதைத் தவிர்த்து ஆவணியில் மனைபூசை செய்வோர் பலர். அவ்வாறு தொடங்கும் வேலையில் வானம் தோண்டிய பள்ளங்கள் திறந்து கிடக்கும்போதே ஐப்பசி மழை வந்துவிடும். தை, மாசி மாதங்களில் தொடங்கினால், மழைக்கு முன்னர் பேஸ்மட்டம் வரையிலான வேலையை முடித்து, பக்கங்களை மண்ணிட்டு இறுக்கிவிடப் போதிய காலம் கிடைக்கும். மழைக்காலத்தில் தோண்ட வேண்டிய கட்டாயம் ஏற்பட்டால், ஒரே நாளில் மூடக்கூடிய அளவு மட்டும் தோண்டுவது நன்று.

மண்ணை மூடிவைத்தல்

மண்ணரிப்பைத் தடுக்கும் முறைகளுள் மிக மலிவானதும் பயன் மிக்கதும் இதுவே.

* வேலை நடைபெறாத பகுதியிலுள்ள புல்லையும் மரங்களையும் அகற்றாமல் விடுதல்.
* வெறும் மண்ணை வைக்கோல், தென்னை ஓலை அல்லது சாக்கினால் மூடுதல்.
* மணல், எம் சாண்ட், தோண்டிய மண் ஆகியவற்றின் குவியல்களைத் தார்ப்பாயால் மூடி, சுற்றிலும் மணல் மூட்டைகளை அடுக்குதல்.
* குவியல்களைத் தெருவிலும் கால்வாய் ஓரத்திலும் கொட்டாதிருத்தல்.
* உயர்த்தப்பட்ட மனையின் சரிந்த ஓரங்களில் வெட்டிவேர் அல்லது அருகம்புல் நடுதல். வெட்டிவேரின் வேர்கள் கீழ்நோக்கி ஆழமாகச் செல்வதால் மண்ணை நன்கு பிணைக்கும்.

வண்டல் தடுப்பு

மனையின் தாழ்ந்த ஓரத்தில் சவுக்குக் கம்புகளை நட்டு, நெருக்கமாக நெய்த துணியைக் கட்டினால், நீர் மெதுவாகக் கசிந்து வெளியேற மண் உள்ளே தங்கும். துணியின் அடிப்பகுதியை அரை அடி ஆழத்துக்கு மண்ணில் புதைத்தல் இன்றியமையாதது. புதைக்காவிட்டால் நீர் அடியில் புகுந்து மண்ணையும் கொண்டு சென்றுவிடும். பசுமை வலை எனப்படும் நிழல்வலையின் கண்கள் பெரியவை. அது மட்டும் இதற்குப் போதாது. லாரி வந்துபோகும் வாயிலில் பெருஜல்லி பரப்பினால் சக்கரங்களில் ஒட்டிய சேறு தெருவுக்குச் செல்வது குறையும்.

வண்டல் குழி

வெளியேறும் நீரைச் சற்று நேரம் நிறுத்தி மண்ணைப் படியவைக்கும் குழி இதுவாகும். துகளின் அளவைப் பொறுத்துப் படியும் நேரம் மாறும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள மணல்துகள் அசைவற்ற நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ இரண்டு நிமிடம் போதும். ஆயிரத்தில் இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள களிமண் துகள் அதே ஆழம் இறங்க ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். ஆகவே வண்டல் குழி மணலையே பிடிக்கும். களிமண் கலங்கிய நீரைக் குழியால் தெளிவிக்க இயலாது. களிமண்ணை அது கிடக்கும் இடத்திலேயே மூடிக் காப்பதே வழி.

அமெரிக்காவில் கட்டுமான இடங்களின் வண்டல் குட்டைகளுக்கு ஏக்கருக்கு 3,600 கன அடி என்ற அளவு பின்பற்றப்படுகிறது. அதே விகிதத்தில் ஒரு கிரவுண்டு மனைக்கு ஏறத்தாழ 200 கன அடி, அதாவது 10 அடி நீளம், 5 அடி அகலம், 4 அடி ஆழமுள்ள குழி தேவைப்படும். குழந்தைகள் விழாதவாறு வேலியிடுவதும், கொசு பெருகாதவாறு சில நாள்களுக்குள் நீரை வடித்துவிடுவதும் கட்டாயம். படிந்த மண்ணை அவ்வப்போது வாரி மனைக்குள்ளேயே பயன்படுத்தலாம்.

வாட்டம் அமைத்தல்

கட்டடத்தைச் சுற்றியுள்ள தரை, சுவரிலிருந்து வெளிநோக்கித் தாழ்ந்து செல்ல வேண்டும். முதல் 10 அடிக்குள் அரை அடி வாட்டம் என்பது பொதுவான அளவு. இடமில்லாத சிறு மனைகளில் சுவரோரம் சிமெண்ட் நடைபாதை அமைத்து அதற்கு வாட்டம் கொடுக்கலாம். மட்டம் பார்க்க, மேஸ்திரிகள் பயன்படுத்தும் நீர் நிரப்பிய ஒளிபுகு குழாயே போதுமானது. வீட்டை வெள்ள மட்டத்துக்கு மேல் வைக்க, மனை முழுவதும் மண் கொட்டுவதற்குப் பதிலாகப் பேஸ்மட்டத்தை மட்டும் உயர்த்தி, சுற்றியுள்ள நிலத்தைப் பழைய மட்டத்திலேயே விடலாம். இதனால் மண் செலவு குறைவதுடன், எஞ்சிய நிலம் மழைநீரைத் தாங்கும் இடமாகவும் நீடிக்கும்.

சுற்றுச்சுவர்

மண்ணைத் தாங்கி நிற்கும் சுவரை, சாதாரணச் சுற்றுச்சுவராகக் கட்டுவது ஆபத்தானது. அது தாங்குசுவராகப் பொறியாளரால் வடிவமைக்கப்பட வேண்டும். சுவரின் அடிப்பகுதியில் இடைவெளி விட்டு நீர்க்கசிவுத் துளைகளும், அவற்றின் பின்புறம் ஜல்லி நிரப்பும் அமைக்கப்பட்டால் நீர் தேங்கி அழுத்தம் கூடுவது தவிர்க்கப்படும். அண்டை வீட்டுச் சுவரை ஒட்டி ஆழமாகத் தோண்டுவதும், சுவரின்மீது மண்ணைச் சாய்த்துக் குவிப்பதும் கூடாது.

மழைநீர் சேகரிப்பு

கூரையில் விழும் நீரைத் தொட்டியிலோ கிணற்றிலோ சேர்த்தால் வெளியேறும் நீரின் அளவு குறையும். கட்டுமானம் நடைபெறும்போதே நீர் ஊட்டும் குழியைத் திறந்துவைத்தால் சேற்றுநீர் புகுந்து அதன் ஜல்லி, மணல் அடுக்குகளை அடைத்துவிடும். எனவே மனையில் மண் வேலை முழுவதும் முடிந்த பின்னரே குழியை இணைத்தல் வேண்டும். களிமண் பகுதிகளில், குழியில் நீரை நிரப்பி அது இறங்கும் நேரத்தை முன்னதாகச் சோதித்தறிவது நன்று. நீர் இறங்காத மண்ணில் ஊட்டுக் குழியைவிடச் சேமிப்புத் தொட்டி அல்லது திறந்த கிணறு பயனளிக்கும்.

சட்டங்களும் விதிகளும்

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு அவசரச் சட்டம் மூலம் அனைத்துக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. ஏரிகளின் எல்லைகளை அளந்து ஆக்கிரமிப்புகளை அகற்ற, 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இயற்றப்பட்டது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் தடை விதித்தது. அதனைத் தொடர்ந்து 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வெளியிடப்பட்டன. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் மழைநீர் சேகரிப்பை வலியுறுத்துகின்றன.

இவை பெரும்பாலும் கட்டி முடிக்கப்பட்ட கட்டடத்தையும் நிலத்தின் வகைப்பாட்டையும் பற்றியவை. சிறு மனைகளில் கட்டுமானம் நடைபெறும் மாதங்களில் மண் வெளியேறாமல் காப்பது, நடைமுறையில் உரிமையாளர், மேஸ்திரி ஆகியோரின் பொறுப்பிலேயே விடப்பட்டுள்ளது.

வரம்புகள்

மேற்கூறிய முறைகள் வழக்கமான மழைக்கு ஏற்றவை. 2015ஆம் ஆண்டைப் போன்று ஒரே நாளில் 47 செ.மீ. மழை பெய்தால் ஒரு கிரவுண்டு மனையில் விழும் நீர் மட்டுமே ஒரு லட்சம் லிட்டரைத் தாண்டும். அதனை எந்தச் சிறு குழியும் தாங்காது. அத்தகைய நாளில் நீர் செல்ல வேண்டிய வழி வாய்க்காலும் ஏரியும் ஆறுமே ஆகும். அவ்வழி தூர்ந்திருந்தால் தனி மனையில் செய்யப்படும் எவ்வளவு சிறந்த ஏற்பாடும் முழுப் பயன் தராது. அதேபோல், ஒவ்வொரு மனையிலிருந்தும் மண் வெளியேறிக்கொண்டே இருந்தால், தூர்வாரப்பட்ட வாய்க்காலும் சில பருவங்களில் மீண்டும் தூர்ந்துவிடும்.

இவற்றையும் பார்க்க

* மண்ணரிப்பு
* மழைநீர் சேகரிப்பு
* செம்பரம்பாக்கம் ஏரி
* கூவம் ஆறு
* கொசத்தலை ஆறு
* வெட்டிவேர்